மஞ்சள் சீட்டின் கடைசிக் கட்டம்

மேரிராணி வேலை செய்யும் கம்பெனியில் ஒவ்வொருவரும் மாதம் ஒரு மஞ்சள் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். அடிபட்டதைப் பற்றி அல்ல, அடிபடாமல் தப்பியதைப் பற்றி. தரையில் எண்ணெய் சிந்திக் கிடந்தது, கால் வைத்திருந்தால் வழுக்கியிருக்கும், நல்லவேளை யாரும் வைக்கவில்லை. மேலே அடுக்கிய பெட்டி சரியப் பார்த்தது, சரியவில்லை. இப்படி நடக்காமல் போன விபத்துகளை எழுதி வாசலில் உள்ள பெட்டியில் போட வேண்டும். ஆபீஸில் அதற்கு நியர் மிஸ் கார்டு என்று பெயர். லைனில் நிற்கும் பெண்களுக்கு அது மஞ்சள் சீட்டு.

கார்களுக்குள் ஓடும் வயர்களைக் கொத்துக் கொத்தாகக் கட்டும் கம்பெனி அது. முந்நூறு பேர் வேலை செய்தார்கள். மாதம் தவறாமல் முந்நூறு பேர் தப்பிக்க ஆபத்துக்கு எங்கே போவது? அதனால் பாதிப் பேர் கற்பனையாகத்தான் எழுதினார்கள்.

மேரிராணிக்குக் கற்பனையும் வராது, எழுத்தும் வராது. தமிழ் எழுத்து வராது என்று சொல்வதுதான் சரி. அவள் பிறந்து வளர்ந்தது ஆனேக்கல் பக்கம். வீட்டில் தமிழ், மாதா கோயிலில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம். பத்தாவது வரை கன்னடத்தில் படித்துவிட்டு மத்திகிரிக்கு வாக்கப்பட்டு வந்தவள். தமிழில் பஸ் போர்டையும் தன் பெயரையும் எழுத்துக் கூட்டுவாள், அதற்கு மேல் போனால் கண் கட்டும். மஞ்சள் சீட்டில் தமிழ் இருந்தது, இங்கிலீஷ் இருந்தது, வடக்கிலிருந்து வந்தவர்களுக்காக இந்தியும் இருந்தது. கன்னடம் இல்லை. ஆகவே அம்மாவின் சீட்டை மகள் டெல்சி எழுதினாள்.

டெல்சி பிளஸ் ஒன் படித்தாள். பதினாறு வயது. நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே மாட்டாள். கடைக்கு அனுப்பினால்கூட கூட்டம் குறையும் வரை ஓரமாக நின்றுவிட்டு, கடைசியில் கையைக் காட்டி வாங்கி வருவாள். ஆனால் மாதக் கடைசியில் அம்மா அந்தச் சீட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டால் போதும், பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

"இந்த மாசம் என்னம்மா விழ வெக்கலாம்?"

"போன மாசம் ஏணிய விழ வெச்ச. அதுக்கு முந்தி ஃபேனு. கொஞ்சம் சின்னதா ஏதாச்சும் எழுதுடி. நீ எழுதறத பாத்தா எங்க லைன்ல அவ அவ தினம் செத்துப் பொழைக்கற மாதிரி கீது."

அந்த ஏணிச் சீட்டுக்குப் பரிசு கிடைத்தது. சிவப்பு ஹெல்மெட். புதுசு கெட்டுப்போகக் கூடாது என்று மேரிராணி அதைப் பிளாஸ்டிக் கவரோடு பீரோ மேல் வைத்து, தூசு படாமல் பழைய துப்பட்டா ஒன்றையும் போர்த்திவிட்டாள். அதோடு அவள் லைனுக்குச் சேஃப்டி பார்க்கும் பொறுப்பும் கிடைத்தது. வேலை நேரத்தில் கையில் பச்சைப் பட்டை கட்டிக்கொள்ளலாம். தரையில் போட்ட மஞ்சள் கோட்டைத் தாண்டி யாராவது ஒரு கால் வைத்தால் விசில் ஊதலாம்.

இத்தனைக்கும் அவள் தினம் காலையில் கம்பெனி பஸ் ஏற வருகிற வழியைப் பற்றி எந்தச் சீட்டும் எழுதப்படவில்லை.

பஸ் ஆறுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வரும். டெல்சியின் அப்பா இன்னாசிமுத்து வார்ப்படக் கம்பெனியில் நைட் ஷிப்ட், வீடு திரும்ப ஏழரை ஆகும். எனவே போன ஜூன் மாதத்திலிருந்து அம்மாவை ஸ்கூட்டியில் கொண்டுபோய் விடுவது டெல்சிதான். வீட்டிலிருந்து ரிங் ரோட்டுக்கு ஒன்றரை கிலோமீட்டர். அங்கே வண்டிகள் இடப்பக்கம்தான் திரும்ப வேண்டும், ஸ்டாப்போ அதே ஓரத்தில் வலப்பக்கமாக அரைக் கிலோமீட்டர் தள்ளி இருந்தது. முறைப்படி போனால் இடது பக்கமே போய், நடுச்சுவரில் விட்ட வழியில் திரும்பி, எதிர் ரோட்டில் வந்து, ஸ்டாப்பைத் தாண்டி இன்னொரு தடவை திரும்பி வர வேண்டும். மூன்று கிலோமீட்டர். யாரும் அப்படிப் போகவில்லை. எல்லாரும் வருகிற வண்டிகளுக்கு எதிராக, ரோட்டு ஓரமாகவே ஸ்டாப்புக்குப் போனார்கள்.

"போ போ, ஓரமா போ. ஒன்னும் வராது," என்று பின்னால் உட்கார்ந்தபடி மேரிராணி சொல்வாள். எதிரில் லாரி விளக்குப் போட்டால், "மாதாவே," என்பாள். அவ்வளவுதான்.

டெல்சிக்கு லைசென்ஸ் கிடைக்க இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. ஆறு மணிக்கு முன்னால் போலீஸ் நிற்காது, அதுவே அவளுக்கு லைசென்ஸ். அம்மாவை இறக்கிவிட்டுத் திரும்பி வரும் அந்தப் பத்து நிமிஷம் அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். யாரோடும் பேச வேண்டாம். ஆக்ஸிலரேட்டரைத் திருகினால் போதும், சொல்ல நினைத்ததை எல்லாம் வண்டியே சொல்லிவிட்டுப் போவது போல இருக்கும்.

ஜனவரி இரண்டாம் வாரம். ஓசூர்க் குளிர் காதுமடலைக் கடித்தது. பனி ரோட்டின் மேல் புகை மாதிரிப் படுத்திருந்தது. அம்மாவை இறக்கிவிட்டுத் திரும்பியவள் தங்கள் தெரு முனைக்கு வந்தபோது போன் அடித்தது.

"டெல்சி, ஐடி கார்ட வண்டி முன்பையில விட்டுட்டேன்டி. பஸ்ஸு கிட்ட வந்துருச்சாம், முந்தின ஸ்டாப்புல ஏறின எங்க லைன் பிரியா போன் போட்டா. ஓடியா."

கார்டு இல்லாமல் கேட் திறக்காது. டெல்சி வண்டியைத் திருப்பினாள். பின்னால் அம்மாவின் பாரம் இல்லாததால் வண்டி காற்று மாதிரிப் போனது. அம்மா இருந்தால் முப்பது. இப்போது முள் ஐம்பதைத் தொட்டது.

ரிங் ரோட்டில் ஸ்டாப்புக்குப் பாதி வழியில் ரோஜாத் தோட்டங்களிலிருந்து ஒரு மண் பாதை வந்து ரோட்டில் ஏறும். அந்தப் பாதையின் வாயில் ஒரு சைக்கிள் நின்றது. கேரியரில் ஈரச் சாக்குச் சுற்றிய ரோஜாக் கட்டுகள். தலையில் மப்ளர் கட்டிய வயதானவர் ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி வலப்பக்கம் பார்த்தார். அரைகுறையாக இல்லை, கழுத்தை நீட்டி நன்றாகவே பார்த்தார். வண்டிகள் வரும் பக்கம் அதுதான். ஒன்றும் வரவில்லை என்று தெரிந்துகொண்டு பெடலை மிதித்தார்.

டெல்சி அவருடைய இடப்பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தாள்.

இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தாள். பின்சக்கரம் இழுத்துக்கொண்டு போனது. அவர் ஹேண்டில்பாரை ஒடித்துத் திருப்பி, சைக்கிளோடு மண்ணில் சாய்ந்தார். ரோஜாக் கட்டு ஒன்று அவிழ்ந்து ரோட்டில் சிதறியது. ஸ்கூட்டி நின்றபோது முன்சக்கரத்துக்கும் அவர் முழங்காலுக்கும் நடுவே ஒரு சாண் இடம் இருந்தது.

முதலில் எழுந்தது அவர்தான். முழங்கையில் மண்ணைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

"பாப்பா, அடிகிடி பட்டுச்சா?"

டெல்சி சாவியைத் திருகி வண்டியை அணைத்தாள்.

"என் தப்புதான் பாப்பா. அந்தப் பக்கம் பாத்தேன், இந்தப் பக்கம் பாக்காம வுட்டுட்டேன். வர வர கண்ணும் சரியில்ல. மன்னிச்சுக்கோ."

டெல்சி தலையாட்டினாள்.

பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு போய்க் கார்டைக் கொடுத்தாள். "ஏன்டி மூஞ்சி வெளுத்துக் கீது?" என்று அம்மா கேட்டாள். "குளிருதும்மா," என்றாள். பஸ் போனது. திரும்பி வரும்போது அவர் இன்னும் அங்கேதான் குனிந்து பூவைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். இவளைப் பார்த்ததும் போ போ என்று சிரித்தபடி கையை அசைத்தார். அவள் நிற்கவில்லை.

நாலு நாளில் அந்த ஒரு சாண் அவள் மனதில் மங்கிவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தலையாட்டியது மட்டும் போகவில்லை. வகுப்பில் டீச்சர் எதையோ கேட்டு எல்லாரும் தலையாட்டும்போது இவள் கழுத்து மட்டும் மரம் மாதிரி நின்றது.

அந்த வாரக் கடைசியில் தயிர் வாங்க ராஜப்பன் கடைக்குப் போனாள். வழக்கம்போல ஓரமாக நின்றாள். உள்ளே மப்ளர்க்காரர் பீடிக்கட்டு வாங்கிக்கொண்டிருந்தார்.

"என்ன சென்றாயா, சைக்கிள காணோம்?" என்றார் ராஜப்பன்.

"வீட்டுக்காரி பூட்டிட்டா. கண்ணு தெரியாதவனுக்கு சைக்கிள் எதுக்குங்கறா."

"கண்ணு தெரியலயா? மூணு மாசமா பாக்கியக் கேட்டா மட்டும் தூரத்துல இருந்தே என்ன பாத்து ஒதுங்கிப் போற?"

"சிரிக்காதப்பா. பக்கத்துல வந்த வண்டியே தெரியல. நல்லாத்தான் பாத்தேன், ஆனா தெரியல. ஒரு பொண்ண கொன்னிருப்பேன். கிருஷ்ணகிரிக்குப் போயி கண்ணு காட்டணும். அது வரைக்கும் பூவ தலையில தூக்கிக்கிட்டு நடக்கறேன்."

டெல்சி தயிர் வாங்காமலே திரும்பிவிட்டாள். அவர் நன்றாகப் பார்த்தார். அதை உலகத்தில் அவள் ஒருத்திதான் கண்ணால் கண்டாள். போய்ச் சொல்லலாம். சொன்னால் அவர் யாரிடமாவது சொல்வார், அது சுற்றி அம்மா காதுக்கு வரும். வண்டி போய்விடும். வண்டி இல்லாமல் அம்மா ஐந்தே முக்காலுக்கு ஸ்டாப்பில் எப்படி நிற்பாள்? இப்படி நினைத்து நினைத்து, வண்டி ஓட்டத் தனக்கு இருக்கும் ஆசையை அம்மாவின் பஸ்ஸுக்குள் ஒளித்து வைத்தாள். அது ஒளிந்திருப்பது அவளுக்கே தெரிந்தது.

மாதக் கடைசி வந்தது. மேரிராணி மஞ்சள் சீட்டை வைத்துவிட்டு வெங்காயம் உரிக்கப் போனாள். டெல்சி பேனாவை எடுத்தாள். டப்பா, பெட்டி, கத்தரிக்கோல் என்று யோசித்துப் பார்த்தாள். எதுவும் விழ மறுத்தது. கடைசியில் கை தானாக எழுதியது.

'இடம்: ரிங் ரோடு, கம்பெனி பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில். என்ன நடந்தது: ஊழியரின் ஐடி கார்டைக் கொடுப்பதற்காக அவருடைய மகள் ராங் சைடில் வேகமாக வந்தாள். வயது பதினாறு. லைசென்ஸ் இல்லை. ஹெல்மெட் இல்லை. மண் பாதையிலிருந்து சைக்கிளில் வந்த பெரியவர், வண்டி வர வேண்டிய பக்கத்தைச் சரியாகப் பார்த்தார். மகள் வரக் கூடாத பக்கத்திலிருந்து வந்தாள். அவர் விழுந்தார். தன் தப்பு என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார். மகள் தலையாட்டினாள். என்ன நடந்திருக்கும்: அவர் செத்திருப்பார். அல்லது மகள்.'

மறுபடி நடக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்ற கடைசிக் கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

"கடசியில ஒன்னும் எழுதலயே?" என்று கேட்டாள் மேரிராணி. எழுத்துத் தெரியாவிட்டாலும் காலி இடம் தெரியும்.

"என்ன எழுதறதுன்னு தெரியலம்மா."

"வுடு. நாளைக்குத்தான் கடைசி நாளு, அப்படியே போட்டுடறேன்." அம்மா தன் பெயரை எழுதி, நம்பரைப் போட்டு, நாலாக மடித்துப் பையில் வைத்தாள். டெல்சி தடுக்கவில்லை. ஆபீஸில் யாரோ படிப்பார்கள், கட்டி வைப்பார்கள். எங்கேயாவது ஒரு இடத்தில் உண்மை எழுதியிருந்தால் போதும் என்று நினைத்தாள்.

திங்கட்கிழமை பள்ளி விட்டு வந்தபோது அம்மா யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கையில் மஞ்சள் சீட்டு.

"உக்காரு," என்றாள்.

டெல்சி நின்றாள்.

"மாசத்துல ஒரு நாள் நல்ல சீட்டா பாத்து மைக்ல படிப்பாங்க இல்ல. இன்னிக்கு ஹரீஷ்குமார் சாரு, அதான் சேஃப்டி ஆபீசர், படிச்சாரு. ராங் சைடுன்னாரு. சரி, நம்ம ரோட்டுக் கதைதான்னு நின்னேன். ஐடி கார்டுன்னாரு பாரு, எனக்கு முதுகு சில்லுன்னு ஆயிடுச்சு." மேரிராணி மூச்சு விட்டாள். "பிரியா பக்கத்துல நின்னுக்கிட்டு, 'யாருக்கா அந்த அம்மாக்காரி, புள்ளய சாவக் குடுக்கப் பாத்தவ'ங்கறா."

"பேர படிச்சாரா?"

"இல்ல. பேரு சொல்ல மாட்டாங்க."

"அப்ப யாருக்கும் தெரியாது?"

"தெரியும். நான் கைய தூக்கிட்டேன்." மேரிராணிக்குச் சிரிப்பு வரப் பார்த்து நின்றுவிட்டது. "அதுவும் பச்சப் பட்ட கட்டின கை. அவசரத்துக்கு அதான் மேல போவுது."

"ஏம்மா தூக்குன?"

"பின்ன? பெரியவரு என் தப்புன்னாரு, மக தலையாட்டினான்னு எழுதிக் கீற. நானும் அங்க தலைய ஆட்டிட்டு நிக்கறதா? போ போ, ஒன்னும் வராதுன்னு தினம் சொன்னது யாரு? நீயா?"

டெல்சி அழ ஆரம்பித்தாள். மேரிராணி அவளை இழுத்து உட்கார வைத்தாள். அடிக்கவில்லை. கொஞ்ச நேரம் முதுகில் கை மட்டும் இருந்தது.

"அப்பறம் சாரு, வேற யார் யாரு இந்த மாதிரி ராங் சைடுல ஸ்டாப்புக்கு வரீங்கன்னு கேட்டாரு. எல்லாரும் தரைய பாக்கறாங்க. கடசியில யாரு கைய தூக்கினான்னு நெனக்கற? பிரியா. தம்பி பின்னால உக்காந்து வராளாம், அவனுக்குப் பதினஞ்சு. அதுக்கப்பறம் வரிசையா தூக்கறாங்க. சாரு எண்ணிப் பாத்துட்டு மைக்க கீழ வெச்சுட்டாரு. பஸ்ஸ நம்ம தெரு முனையிலயும் நிறுத்தச் சொல்லி எழுதிப் போடறாராம். அது எப்ப வருமோ."

டெல்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு சீட்டை வாங்கிப் பார்த்தாள். கடைசிக் கட்டம் காலியாக இல்லை. உருண்டை உருண்டையாக, அம்மாவின் கையில் ஒரு வரி.

"கன்னடத்துலயா எழுதின?"

"எனக்குத் தெரிஞ்சது அதானே. கட்டம் காலியா கீது, ரொப்பிக் குடுங்கன்னு சாரு பேனா குடுத்தாரு. அப்பறம் போட்டோ புடிச்சுக்கிட்டு சீட்ட எங்கிட்டயே குடுத்துட்டாரு."

"படிம்மா."

மேரிராணி பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி விரலை வைத்துப் படித்தாள். "நால்கு கண்டெகெ ஏளபேகு."

கன்னடம் பேசும் வீடுகளுக்கு நடுவில் வளர்ந்த டெல்சிக்குப் பொருள் சொல்லத் தேவையில்லை. நாலு மணிக்கு எழுந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் எழுதியிருந்தது.

"இனி நடந்து போறேன். அர மணி முன்னால எழுந்தா ஆச்சு," என்றாள் அம்மா. "சாவி எங்க?"

டெல்சி எடுத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போது விரல் ஒரு கணம் விடவில்லை. அம்மா அதைப் பார்த்தாள்.

"பதினெட்டு முடியட்டும்டி. எல்எல்ஆர் போட்டு, லைசென்ஸ் எடுத்து, அந்தச் செவப்பு ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டு ஓட்டு. நான் பின்னால உக்காந்து வரேன். மூனு கிலோமீட்டரும் சுத்திக்கினே போலாம்."

"அதுக்குள்ள அது பழசாயிடும்."

"எப்படி ஆவும்? கவரையே பிரிக்கலயே."

மறுநாள் நாலு மணிக்கு அம்மாவோடு டெல்சியும் எழுந்தாள். நீ எதுக்கு என்று அம்மா கேட்டதற்கு, "அவர பாக்கணும்," என்றாள். ஐந்தே காலுக்கு இருவரும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். ரிங் ரோட்டில் எதிரே வரும் விளக்குகளைப் பார்த்தபடி தார் ரோட்டை விட்டு இறங்கி மண்ணில் நடந்தார்கள். ஒரு பையன் ராங் சைடில் அவர்களை உரசிக்கொண்டு போனான். "டேய்!" என்று கத்திவிட்டு, மேரிராணி தன்னையறியாமல் விசிலுக்காகக் கழுத்தைத் தடவினாள்.

மண் பாதையின் வாயில் சென்றாயன் தலையில் ரோஜாக் கட்டோடு நின்றார். வலப்பக்கம் பார்த்தார். இடப்பக்கம் பார்த்தார். திரும்ப வலப்பக்கம். அவ்வளவு பாரத்தோடு கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்பையே திருப்பினார்.

டெல்சி அவர் முன்னால் போய் நின்றாள். அம்மா நாலடி பின்னால் நின்றுகொண்டாள்.

"தாத்தா, அன்னிக்கு உங்க மேல தப்பு இல்ல. நான்தான் ராங் சைடுல வந்தேன். நீங்க சரியாத்தான் பாத்தீங்க. உங்க கண்ணு நல்லா இருக்கு."

மூச்சு விடாமல் சொன்னதால் கடைசி வார்த்தை காற்றாகவே வந்தது. சென்றாயன் அவளை உற்றுப் பார்த்தார்.

"அந்த ஸ்கூட்டி பாப்பாவா?"

"ஆமா."

"அப்ப கண்ணு நல்லாத்தான் கீதா?"

"நல்லா இருக்கு தாத்தா."

"அட," என்றார். முகத்தில் கோபம் வருவதா சிரிப்பு வருவதா என்று சற்று இழுபறியாக இருந்தது. "இருவது நாளா தலச்சுமையா தூக்கிக்கினு போறேன் பாப்பா. ரெண்டு பக்கமும் பாத்துப் பாத்து கழுத்து வலிதான் மிச்சம். அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருக்கணும்."

"சரி, எங்கிட்ட சொல்லி என்ன ஆவப் போவுது? சைக்கிள பூட்டினவ பூவம்மா. நான் சொன்னா நம்ப மாட்டா, கண்ணுந் தெரியல, பொய்யுஞ் சொல்றியான்னு கேப்பா அவ. இந்தப் பாதையில மூனாவது வீடு. நீ போயி சொல்லு."

டெல்சி அம்மாவைப் பார்த்தாள். தெரியாத வீடு, தெரியாத பெண், அதுவும் கோபக்காரி. "நீயும் வாம்மா," என்றாள்.

"எனக்கு பஸ்ஸு வந்துரும்டி," என்றாள் மேரிராணி. அவள் நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

மண் பாதையில் டெல்சி தனியாக நடந்தாள். இரண்டு பக்கமும் ரோஜாச் செடிகளின் மேல் பனி சொட்டியது. சொல்ல வேண்டியதை மனசுக்குள் நாலு தடவை எழுதி எழுதி அடித்தாள். மூன்றாவது வீட்டின் முன்னால் சைக்கிள் சங்கிலி போட்டு வேப்பமரத்தில் கட்டியிருந்தது. நாய் குரைத்தது. அடுப்படியிலிருந்து ஒரு பெண் ஊதுகுழலோடு எட்டிப் பார்த்தாள்.

"யாரது இந்நேரத்துல?"

டெல்சி இந்தத் தடவை ஓரமாக நிற்கவில்லை. வாசல் வரைக்கும் போனாள்.

"உங்க வீட்டுக்காரர் கண்ண பத்திச் சொல்ல வந்தேன்," என்றாள்.